புது பேட்டரியும் ரெண்டே வாரத்துல படுத்துருச்சு

நமக்கு பள்ளத்தூர், வேலை காரைக்குடில. தினமும் கோட்டையூர் வழியா வண்டிலதான் போக வர. பிஎஸ்6 வண்டி, கிக்கர் கெடையாது, செல்ப் மட்டும்தான். ஒரு திங்கக்கெழம காலைல, சந்தை நாள் வேற, செல்ப அமுக்குனா டக்டக்டக்னு ரிலே சத்தம் மட்டும் வருது, மீட்டர் லைட்டு மங்கி அணையுது. தெருப் பசங்க ரெண்டு பேர வச்சு செகண்ட் கியர்ல போட்டு தள்ளிப் பாத்தேன், ம்ஹூம். இது மாதிரி இஞ்செக்சன் வண்டில (கார்புரேட்டர் இல்லாம பெட்ரோல பம்பு வச்சு பீச்சுறது) பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேணும், பேட்டரி சுத்தமா செத்துட்டா தள்ளி புண்ணியமில்லன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு.

மூணு வருச பேட்டரி, ஆயுசு முடிஞ்சிருக்கும்னு எதையும் பாக்காம பழச குடுத்துட்டு புதுசு மாட்டிட்டேன். ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு. கானாடுகாத்தான்ல ஒரு கல்யாணம், எல்லாரும் கார்ல போயிட்டோம், வெள்ளி ராத்திரி நிறுத்துன வண்டிய திங்க காலைல எடுத்தா மறுபடியும் அதே டக்டக். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மாதிரி பேட்டரி ஆராய்ச்சி நடக்குற எடத்த தாண்டி தெனம் போறவன் பொழப்பு இப்படி.

இந்த தடவ மெக்கானிக் தம்பிய மல்டிமீட்டரோட வீட்டுக்கே வரச் சொன்னேன். பேட்டரிய சார்ஜ் போட்டு மாட்டி மொதல்ல சும்மா வச்சு பாத்தா 12.7 வோல்ட், நல்ல பேட்டரி. வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டர் குடுத்தா 14.1, அப்ப சார்ஜும் ஏறுது, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ரெக்டிபையர் மேல பழி போட முடியாது. டெர்மினலும் டைட்டாத்தான் இருந்துச்சு. "அப்ப வண்டி நிக்கும்போது எதோ குடிக்குதுண்ணே"ன்னான்.

சாவிய எடுத்துட்டு நெகட்டிவ் வயர கழட்டி, அந்த வயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டர ஆம்பியர்ல வச்சு புடிச்சான். மொதல்ல 10 ஆம்பியர் ரேஞ்சுல வச்சுதான் பாக்கணுமாம், அப்புறந்தான் சின்ன ரேஞ்சு. நான் வெவரம் தெரியாம சாவிய போட்டு செல்புகிட்ட கை கொண்டு போக, "அண்ணே அண்ணே, மீட்டர் பியூஸ் போயிரும்"னு கத்துனான். சாவி எடுத்த வண்டில ஒண்ணு ரெண்டு மில்லி ஆம்பியர்தான் இருக்கணுமாம், இதுல 60. கணக்கு போட்டா ஒரு நாளைக்கு 1.4 ஆம்பியர்-ஹவர் கிட்ட போகுது, நம்ம பேட்டரி மொத்தமே 4 ஆம்பியர்-ஹவர்தான், ரெண்டர நாள் நிறுத்துனா எங்க நிக்கும்? தெனமும் ஓட்டுனதால திரும்ப ஏறிக்கிட்டே இருந்துருக்கு, அதான் தெரியல.

ஒவ்வொரு பியூஸா புடுங்கிப் பாத்தும் 60 எறங்கவே இல்ல. கடைசில ஹேண்டில்பார்ல நானா வாங்கி மாட்டுன மொபைல் சார்ஜர், அதோட செவப்பு வயர நேரா பேட்டரி டெர்மினல்லயே முறுக்கி வச்சிருந்தேன், அத கழட்டுன ஒடனே மீட்டர் 1க்கு விழுந்துச்சு. அப்பத்தா ஒரு மாசமாவே "ராத்திரி வண்டில என்னமோ நீலமா மினுக்குதேப்பா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு, நாந்தான் காதுல வாங்கல.

சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற வயர்ல சார்ஜர மாத்திக் குடுத்து, நடுவுல 2 ஆம்பியர் பியூஸும் வச்சான். போன வாரம் மூணு நாள் மதுரைல இருந்துட்டு வந்து செல்ப தொட்டேன், ஒரே அமுக்கு. கடைல குடுத்த பழைய பேட்டரியும் நல்லாத்தான் இருந்துருக்குமோன்னு மட்டும் மனசு அடிச்சுக்குது.