கமாமோட்டோவின் கணக்கு இன்னும் தீரவில்லை

ஜப்பான் கால்பந்து என்றாலே நகாதா, ஹோண்டா என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு அவர்களையெல்லாம் விட குனிஷிகே கமாமோட்டோதான் பெரியவர். தேசிய அணிக்காக 76 ஆட்டங்களில் 75 கோல்! அப்புறம் மியூரா வந்தார், ஒகசாகி வந்தார். 55 கோலில் ஒருவர் நின்றார், 50-ல் இன்னொருவர். ஆண்கள் அணியில் அந்த 75-ஐ இன்றுவரை யாரும் தொடவில்லை.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை நினைத்தாலே சிலிர்க்கிறது. வெண்கலத்துக்கான ஆட்டம், எதிரே மெக்சிகோ, அதுவும் அவர்களுடைய அஸ்டெகா மைதானத்தில். ஜப்பான் 2-0 என்று ஜெயித்தது. இரண்டு கோலும் கமாமோட்டோ அடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அந்தத் தொடரில் மொத்தம் 7 கோல் அடித்து முதலிடம் பிடித்ததும் அவரே.

ஜப்பானில் தொழில்முறை லீக் வந்தது 1993-ல்தான். அவர் ஆடியது யன்மார் டீசல் என்ற நிறுவன அணிக்கு. அதில் 202 லீக் கோல்கள். மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு மறுவருடமே கல்லீரல் அழற்சி வந்து படுக்காமல் இருந்திருந்தால் ஐரோப்பாவிலும் கலக்கியிருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன்.

2025 ஆகஸ்ட்டில், 81 வயதில் காலமானார். அவரைப் பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுத வேண்டும்.