நின்ற வண்டியில் அடிபட்டவன்

ஜூலை 3
படுத்தபடியே எழுதுகிறேன். இடது கால் பெருவிரல் மேலே தூக்க வரவில்லை.

ஜூலை 4
லாரி ஆபீசிலிருந்து விபத்துப் படிவம் வந்தது. 'விபத்தின்போது வாகனத்தின் வேகம்' என்று ஒரு கட்டம். நான் ஓட்டும் லாரியை நிறுத்திவிட்டு, லோடு மேல் ஏறி தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தேன். பூஜ்யம் என்று எழுதினேன். மேனேஜர் உடனே போன்: "அண்ணே, வண்டி நின்னுக்கிட்டு இருந்தா அது விபத்துல வராதே." கூலியும் ட்ரிப் கணக்குதான். ஏற்றும் நேரத்துக்குக் காசும் கிடையாது, காயமும் கிடையாது போல.

ஜூலை 6
இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறதாம். விரல் எழாதது அதனால்தானாம். விழுந்தது மட்டும் காரணமில்லை என்கிறார் டாக்டர். வருஷக்கணக்காக சீட்டில் வாங்கிய அதிர்வு, மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு இறங்கின கையோடு பாரம் தூக்கியது, எல்லாம் சேர்ந்ததாம். ஆபீசுக்கு இது தெரிந்தால் 'பழைய வலி' என்று கை கழுவிவிடுவார்கள். அந்தப் பழைய வலி மட்டும் எங்கிருந்து வந்ததாம்? அதே சீட்டிலிருந்துதானே.

ஜூலை 7
தூக்கமில்லை. விரல் அசைந்த மாதிரி இருந்தது. இல்லை.

ஜூலை 10
கூட ஓட்டுகிறவர்கள் வந்திருந்தார்கள். ஒருத்தருக்கு லோடைக் கட்டுகிற பெல்ட்டை இறுக்கும்போது லீவர் எகிறித் தாடையில் அடித்திருக்கிறது. இன்னொருத்தர் பின்கதவைத் திறந்ததும் சரிந்து நின்ற பெட்டிகள் தோளில் விழுந்தன. மூன்றாமவர் ஈரப் படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டவர். ஏறினாலும் இறங்கினாலும் கேபினைப் பார்த்தபடி, இரண்டு கை ஒரு கால், இல்லாவிட்டால் இரண்டு கால் ஒரு கை, எப்போதும் மூன்று பிடி இருக்க வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் பாடம் எடுக்கிறார். ஒருத்தர்கூட ரோட்டில் மோதி அடிபடவில்லை! சிரித்தால் இடுப்பு உயிர் போகிறது, ஆனாலும் சிரித்தோம்.

ஜூலை 11
என் வண்டியை ஒரு பையன் ஓட்டுகிறானாம். கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுவானோ?

ஜூலை 15
பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே குறையுமாம். சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ உடனே ஓடி வரச் சொன்னார் டாக்டர். அதிலிருந்து ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகும்போதும் பயம். விரல் ஒரு நூல் அளவு எழும்புகிறது.

ஜூலை 16
மறுபடி மேனேஜர். வேகம் 5 என்று போட்டுவிட்டால் எல்லாருக்கும் சுலபமாம். லோடு மேல் நான் நிற்கும்போது வண்டியை ஓட்டினது யார் என்று கேட்டேன். லைன் கட்.

ஜூலை 18
லோடு ஏற்றும் இடத்தில் கேமரா இருக்கிறது! இவ்வளவு நாள் எப்படித் தோன்றாமல் போனது. பதிவை எத்தனை நாள் அழிக்காமல் வைத்திருப்பார்கள்? காலையில் எழுந்ததும் முதல் போன் அங்கேதான்.