கருவாட்டுத் திடலுக்குச் சர்வே எண் என்ன?

எங்கள் கடற்கரைக்கு அரசு வரைந்த வரைபடத்தை விரித்தபோது அம்மா முதலில் தேடியது எங்கள் வீட்டை அல்ல, கருவாடு காயவைக்கும் திடலை. நான்கு தாள்களை ஒட்டித் தரையில் விரித்திருந்தேன். ஏரி இருந்தது, கடல் இருந்தது, நடுவே நாங்கள் குடியிருக்கும் மணல் திட்டும் இருந்தது. அதன் மேல் ஒரு பெயரும் இல்லை. அம்மா விரலை வைத்து வடக்கேயிருந்து தெற்கே இரண்டு முறை தடவி வந்தார். "நாம் இதில் எங்கே இருக்கிறோம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் உள்ள மீனவ ஊர்களில் ஒன்று எங்களுடையது. எங்கள் பக்கத்து ஏரி 1980-இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் அதே நீரில்தான் நாங்கள் வலை இறக்குகிறோம். அந்தத் தாளில் பறவைகளுக்கான எல்லை தெளிவாக இருந்தது. வலைக்கு உரிய இடம் எங்கும் இல்லை.

இது கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு. எங்கள் ஊரில் 'சி.ஆர்.இசட்.' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அதற்காக 1991-இல் மத்திய அரசு முதலில் வெளியிட்ட அறிவிக்கையை 2011-இல் மாற்றினார்கள், 2019 ஜனவரி 18 அன்று மறுபடியும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் மாநிலங்கள் தங்கள் கடற்கரையை வகை பிரித்து வரைய வேண்டும். சரணாலயம், அலையாத்திக் காடு, மணல்மேடு, சேற்றுநிலம், ஆமை முட்டையிடும் கரை ஆகியவை முதல் வகையில் வரும். அவற்றுக்குத்தான் பாதுகாப்பு அதிகம். வரைவை மக்கள் முன் வைத்து, மாவட்ட அளவில் கருத்துக் கேட்டபின்தான் இறுதி செய்ய வேண்டும். எங்களுக்குச் செய்தி தெரிந்தபோது கூட்டத்துக்கு இருபத்தொரு நாட்களே மிச்சம். ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் வந்த விளம்பரத்தை, மீன் சுற்றிக் கொடுத்த தாளில் பார்த்ததாக அத்தை கொண்டுவந்து காட்டினார்.

அந்த அறிவிக்கையை நான் இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலம்தான். இணைப்பில் ஒரு பத்தி கண்ணில் பட்டது. மீனவ ஊர்கள், மீனவர்களின் பொதுச் சொத்துகள், படகுத்துறை, ஐஸ் ஆலை, மீன் உலர்த்தும் இடம், மருந்தகம், சாலை, பள்ளி ஆகிய எல்லாவற்றையும் ஒவ்வொரு சர்வே எண்ணின் நிலத்தையும் காட்டும் புலப்பட அளவிலான வரைபடங்களில் குறிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மீனவர்களின் வருங்கால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு விரிவான திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. சலுகை கேட்டுப் போகவில்லை, சட்டத்தில் எழுதியிருப்பதைச் செய்யுங்கள் என்று கேட்கப் போகிறோம் என்பது புரிந்தது.

ஊர் ஏன் காணாமல் போனது என்பதற்கு ஓரளவு காரணம் தாளின் ஓரத்திலேயே இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது 1:25,000 அளவில் வரைந்தது. ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். முந்நூறு மீட்டர் நீள ஊர் அதில் ஒரு விரல் நக அகலம்தான் வரும். 1:4,000 அளவில் ஒரு சென்டிமீட்டருக்கு 40 மீட்டர். அதில்தான் திடலும் துறையும் தெரியும். அந்த அளவில் எங்கள் ஊருக்குத் தாள் இருக்கிறதா என்று கேட்டோம், பதில் வரவில்லை. ஆகவே நாங்களே வரைவதென்று முடிவானது.

இங்கேதான் முதல் தடை, அதுவும் ஊருக்குள்ளேயே. பெரியப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். பாடு எங்கே, இறால் எங்கே என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் நாளை எவரோ அதை வைத்தே எங்களை வெளியேற்றுவார்கள் என்பது அவர் வாதம். பாடு என்பது ஏரியில் வலை இறக்கும் இடம்; எந்த நாளில் எந்தத் தலைக்கட்டு, அதாவது எந்தக் குடும்பம், எந்தப் பாட்டில் இறக்கும் என்பது முறை வைத்துத் தலைமுறைகளாக நடந்து வருகிறது. அதற்குப் பட்டாவும் இல்லை, ரசீதும் இல்லை. அவர் பயத்தை நான் இன்றும் தவறென்று சொல்லமாட்டேன். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். பாடு இருக்கும் நீர்ப்பரப்பின் வெளி எல்லையை மட்டும் குறிப்பது, உள்ளே எந்தப் பாடு எவருடைய முறை என்பதை எழுதுவதில்லை. அதன்பின் அவரே படகை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடமும் புலப்படங்களும் வாங்கினோம். செல்போனில் இருப்பிடம் காட்டும் வசதியை வைத்து ஒவ்வொரு மூலையிலும் நின்று எண்களைக் குறித்தோம். முதலில் ஆண்களோடு நடந்தோம். படகு நிறுத்தும் கரை, வலை பின்னும் கொட்டகை, ஏலம் போடும் இடம், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் என்று ஒரே காலையில் முடிந்துவிட்டது. மறுநாள் பெண்களோடு நடந்தபோது மாலை வரை முடியவில்லை. கருவாட்டுத் திடல் ஒன்று என்று நினைத்திருந்தேன், மூன்று இருக்கின்றன. மழைக்காலத்துக்கு ஒன்று, வெயிலுக்கு இரண்டு. பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் தங்கள் இடங்களைக் காட்டினார்கள். வலையும் படகும் இல்லாததால் அவர்களை எந்தக் கணக்கிலும் எவரும் சேர்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பட்டியலிலும் அதுவரை சேர்த்ததில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அவர்களின் இடங்களைத் தனி நிறத்தில் வரைந்தோம்.

நில ஆவணத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: புறம்போக்கு. அந்தச் சொல்லைப் பார்த்தால் யாரும் இல்லாத, எதற்கும் பயன்படாத நிலம் என்று தோன்றும். காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தால் அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

மணல்மேட்டு விஷயம் மூன்று இரவுகள் இழுத்தது. வீடுகளுக்குக் கிழக்கே அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்த மேடு இருக்கிறது. அதை மணல்மேடு என்று குறித்தால் முதல் வகைக்குள் போகும், அங்கே புதிதாகக் கட்ட முடியாது. கல்யாணமாகித் தனி வீடு தேடும் தம்பிமார் கோபப்பட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் கட்டுமானத் தடை உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர், குறைந்தால் 200 மீட்டர் என்ற விதியை எங்கள் ஊராட்சிக்குப் போட்டுப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்த நேரம் அது. சுனாமி அன்று மேடு இருந்த பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, மேட்டை வெட்டிய பக்கத்தில் எவ்வளவு ஏறியது என்று வயதானவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மேட்டைக் குறிப்பது, அதோடு மேற்கே வீடுகளுக்கான இடத்தையும் சர்வே எண்ணோடு கேட்பது என்று தீர்மானமானது. மே 1 கிராம சபையில் இரண்டையும் ஒரே தீர்மானத்தில் எழுதவைத்தோம். கிராம சபைத் தீர்மானம் கையில் இருந்தால் மனுவுக்குக் கிடைக்கும் மதிப்பே வேறு. இதே வேலையில் இறங்கும் எவரும் அதை முதலில் செய்துவிடுங்கள்.

மனு எழுதியதில் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் எழுதியது ஆறு பக்கம், பாதிக்கு மேல் எங்கள் வருத்தம். நகரத்தில் வழக்கறிஞராக இருக்கும் ஓர் அக்கா அதைப் படித்துவிட்டு, ஒரு பத்திக்கு ஒரே ஒரு குறை, அதன் கீழே இடம், சர்வே எண், புகைப்படம், அறிவிக்கையின் எந்தப் பத்தி, வரைபடத்தில் என்ன மாற்றம் வேண்டும் என்று மட்டும் எழுதச் சொன்னார். பதினேழு பத்திகள் வந்தன. நேரில் கொடுக்கப் போன அலுவலகத்தில் பிரதியில் முத்திரை வைக்க மறுத்தார்கள். அன்றே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

கூட்டம் கடலிலிருந்து வெகு தூரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அன்று தொழிலுக்குப் போகாமல் இரண்டு வேனில் வந்தோம். சுவரில் ஒட்டியிருந்த வரைபடங்களில் எல்லாமே ஆங்கிலம். தமிழில் விளக்கிய பிறகே பேசுவோம் என்று பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் எழுந்து நின்றார்கள், நாங்களும் நின்றோம். விளக்கம் தமிழில் வந்தது, ஆனால் அவசர அவசரமாக வந்தது. பேச ஆளுக்கு இரண்டு நிமிடம்.

அம்மா மைக் பிடித்தது அதுதான் முதல் தடவை. கருவாட்டுத் திடல் வரைபடத்தில் இல்லை என்றார். மேடையில் இருந்த ஓர் அதிகாரி, "எந்தத் திடல் அம்மா? சர்வே எண் என்ன?" என்று கேட்டார். கேள்வியில் கடுமை இல்லை, ஆனால் பதில் வராது என்ற நினைப்பு இருந்தது. அம்மா எண்ணைச் சொன்னார். உட்பிரிவையும் சொன்னார். மற்ற இரண்டு திடல்களின் எண்களையும் சொன்னார். கூடையில் எத்தனை வாளை, எத்தனை நெத்திலி என்று கணக்கு வைக்கும் அதே குரலில் சொன்னார். முந்தைய பத்து நாட்களாக அடுப்படியில் அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மண்டபம் ஒரு கணம் அமைதியாக இருந்தது, பிறகு பின்வரிசையிலிருந்து கைதட்டல்.

அந்தக் கைதட்டலோடு வேலை முடிந்தது என்று நினைத்தது தவறு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு கூட்டக் குறிப்பைக் கேட்டோம். வந்த குறிப்பில் அம்மா பேசியது, எங்கள் ஊர் பேசியது, பக்கத்து மூன்று ஊர்கள் பேசியது எல்லாம் சேர்ந்து "மீனவர்கள் ஆட்சேபம் தெரிவித்தனர்" என்று மூன்று சொற்களாகியிருந்தன. படித்த இரவு நான் அழுதேன். மறுநாள், எங்கள் செல்போன் பதிவிலிருந்து ஒவ்வொருவர் பேச்சையும் வார்த்தை மாறாமல் எழுதி, இவற்றைக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று இரண்டாவது மனு அனுப்பினோம். கூட்டத்தை நீங்களும் பதிவு செய்யுங்கள் என்று எல்லா ஊர்களுக்கும் நான் சொல்வது இதனால்தான்.

பல மாதங்கள் கழித்துத் திருத்திய தாள் வந்தது. ஊரின் பெயர் இருக்கிறது. மூன்று திடல்களில் இரண்டு இருக்கின்றன. மணல்மேடு முழு நீளத்துக்கும் குறிக்கப்பட்டிருக்கிறது. பாடுகளின் எல்லை இல்லை, இறால் பிடிக்கும் இடங்களும் இல்லை. வீட்டு நிலம் பற்றி ஒரு வரியும் இல்லை. விட்டுப்போன ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மறுபடி எழுதியிருக்கிறோம். இந்த முறை இருளர் பெண்கள் தங்கள் பெயரிலேயே மனு கொடுத்திருக்கிறார்கள்.

முகத்துவாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கோடையில் மணல் தூர்ந்து ஒடுங்கும், மழையில் வேறு பக்கம் உடைத்துக்கொள்ளும். நாங்கள் குறித்த இடத்திலிருந்து இந்த ஆண்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்க, வரும் அமாவாசைக்கு மறுநாள் நீர் வற்றும் நேரத்தில் பெரியப்பாவின் படகில் போகிறோம். அம்மா நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துவிட்டார்.