ஹெட்டை இறக்கலாமா வேணாமா

மே 11
வெளியூர் வந்த இடத்துல கார் மக்கர். எங்கயுமே ஒழுகல. அடியில தரை காஞ்சு கிடக்கு. ஆனா கூலண்ட், அதான் இன்ஜினை குளிர வைக்கிற தண்ணி, குறையுது, பின்னாடி வெள்ளை புகை, ஒரு மாதிரி இனிப்பு வாடை. சூடு காட்டுற முள் சிவப்பை தொட்டுட்டு இறங்குது, திரும்ப ஏறுது. இனி ஓட்டுறதா இல்ல.

மே 12
மெக்கானிக் ரேடியேட்டர் வாயில ஒரு குழாயை வச்சார், உள்ள நீல கலர் தண்ணி. இன்ஜின் ஓட ஓட குமிழ் குமிழா மேல வருது. சிலிண்டர்ல எரியிற கேஸ் கூலண்டுக்குள்ள கலந்தா அந்த நீலம் மஞ்சளாகுமாம். நான் அதையே பாத்துட்டு நின்னேன், முதல்ல பச்சை மாதிரி தெரிஞ்சுது, அப்புறம் சுத்தமா மஞ்சள்.

"ஹெட் கேஸ்கெட் சார். இறக்கித்தான் பாக்கணும்."

ஹெட்னா இன்ஜினோட மேல் மூடி, அதுக்கு அடியில இருக்கிற அடைப்பு தகடுதான் கேஸ்கெட். எவ்வளவு ஆகும்னு கேட்டா பிரிச்சாதான் தெரியும்ங்கிறார். ஆயில் குச்சியை நானே உருவி பாத்தேன், பால் மாதிரி கலங்கல, ஆயில்ல தண்ணி கலந்த மாதிரி தெரியல. இது ஒண்ணுதான் இன்னிக்கு நல்ல செய்தி.

மே 13
தூக்கம் இல்ல. பிரிச்சு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு எல்லாரும் சுலபமா சொல்றாங்க, ஆனா பிரிக்கிறதே முடிவுதானே? ஹெட்டை கழட்டி அட்டைப்பெட்டில போட்டப்புறம் வேற எங்க கொண்டு போறது, இவர்கிட்டயே தான் முடிக்கணும், இவர் சொல்றதுதான் ரேட்டு. கேஸ்கெட் என்னவோ ஒரு மெல்லிசு தகடு, அதுக்காக டைமிங் பெல்ட், மேனிஃபோல்டு எல்லாம் கழட்டணும், கூலிதான் முக்கால்வாசி. பெல்ட்டை கழட்டியாச்சுன்னா அதையும் மாத்திடுங்க, வாட்டர் பம்பையும் மாத்திடுங்கன்னு லிஸ்ட் நீளுது, அது நியாயம்தான், அதான் எரிச்சலே.

மச்சான் போன் பண்ணி, ரேடியேட்டர் மூடியை லூசா விட்டு அங்கங்க தண்ணி ஊத்திக்கிட்டே ஓட்டிட்டு வந்துடுங்கங்கிறார். மூடி அழுத்தம் பிடிச்சு வச்சாத்தான் கூலண்ட் 120 டிகிரி தாண்டியும் கொதிக்காம நிக்கும், திறந்துட்டா 107 கிட்டயே கொதிச்சிடும். அலுமினிய ஹெட் வளைஞ்சா அவரா வந்து நிமித்துவாரு?

மே 13, ராத்திரி
போல்ட். பழைய ஹெட் போல்ட்டையே போட்டுக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னு மெக்கானிக் போற போக்குல சொன்னாரே. இந்த இன்ஜின்ல அது இழுபட்டு பிடிக்கிற போல்ட், ஒரு தடவைதான்.

மே 14
அவ பசங்களை கூட்டிக்கிட்டு பஸ்ல கிளம்பிட்டா. "ஏங்க, வித்துட்டு வந்துடுங்க"ங்கிறா. வாங்க ஒருத்தர் வந்தாரு, டயரை உதைச்சு பாத்துட்டு இரும்பு விலைக்கு கேட்டாரு.

டோ பண்ணி ஊருக்கு கொண்டு போலாம். கொண்டு போனாலும் இதே ஹெட்டை அங்கயும் இறக்கணும், டோ காசு தண்டம்.

போல்ட் புதுசு வேணும், முறுக்கு அளவு காட்டுற டார்க் ரெஞ்ச்ல நடுவுலேர்ந்து வெளிய, சொன்ன வரிசைல முறுக்கணும்னு மெக்கானிக்கிட்ட நேராவே சொன்னேன். மூஞ்சி சுருங்கிடுச்சு. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் ரெஞ்சை எடுத்து வந்து காட்டினார். "போல்ட் வரவழைக்கிறேன், லேட்டாகும். ஊர்ல பண்றதுன்னாலும் பண்ணுங்க சார், ஓட்டிட்டு மட்டும் போயிடாதீங்க." வேலையே வேணாம்னு போகக்கூடியவர் சொன்னதால நம்பலாம்னு தோணுது. தோணுது, அவ்வளவுதான்.

மே 15
சரின்னுட்டேன்.

மே 16
ஹெட் வெளிய வந்தாச்சு. மூணாவது சிலிண்டர் ஓரத்துல கேஸ்கெட் வளையம் அரிச்சு போய், அங்கேர்ந்து தண்ணி ஓட்டை வரைக்கும் ஒரு கருப்பு தடம். மத்த மூணு பிஸ்டன் மேலயும் கரி, இது மட்டும் பளபளன்னு, ஆவியே கழுவி விட்டுருக்கு. ஹெட் வளைஞ்சிருக்கான்னு பாக்க ஸ்கேலை குறுக்க வச்சு, இடைவெளி அளக்கிற ஃபீலர் தகடை விட்டார். 0.05 மில்லிமீட்டரே போகக்கூடாது, நடுவுல 0.10 சுலபமா போயிடுச்சு. லேத்துக்கு அனுப்பியாச்சு.

மே 17
போல்ட் வந்துடுச்சு, பத்து. ரெண்டு தடவை எண்ணினேன்.

மே 18
ஃபேசிங், அதான் ஹெட்டோட அடிப்பக்கத்தை சமமா சீவுறது, முடிஞ்சுதாம். விரிசல் இருக்கான்னு பிரஷர் டெஸ்ட் நாளைக்குத்தான். இருந்துட்டா பழைய ஹெட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்ங்கிறார். எந்த வண்டில கழட்டினது, அந்த வண்டி ஏன் பிரிஞ்சுது, அதையும் டெஸ்ட் பண்ணித்தான் தருவாங்களா? காலைல முதல்ல இதை கேக்கணும்.