லோயஸ் சரிவை ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கிறீர்களா? முதலில் விளிம்புக் கோட்டை வரையுங்கள்

முதுகலைப் புவியியலில் சரிவும் மண்ணரிப்பும் பற்றி ப்ராஜெக்ட் செய்ய நினைப்பவர்களுக்குச் சீனாவின் லோயஸ் பீடபூமியைத் தயங்காமல் சொல்வேன். என் ப்ராஜெக்ட்டும் அதுதான். மஞ்சள் ஆற்றின் நடுப்பகுதியில் சுமார் 6.4 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. காற்று கொண்டுவந்து சேர்த்த லோயஸ் என்ற நுண்வண்டல் பல இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் கனமாகப் படிந்திருக்கிறது. மண் பெரும்பாலும் ஒரே வகை என்பதால் பாறை வேறுபாட்டுக் குழப்பம் குறைவு. சரிவின் வேலை தனியாகத் தெரியும்.

மூன்று நிலவடிவங்களைப் பிரித்தறியப் பழகிக்கொள்ளுங்கள். யுவான் என்பது மேலே தட்டையான மேட்டுநிலம். கான்சு மாகாணத்தின் டோங்ஷியுவான் அவற்றில் மிகப் பெரியது. அதை நீர்ப்பள்ளங்கள் அரித்துப் பிரித்தால் நீள முகடு, அதாவது லியாங். அதுவும் துண்டுபட்டால் உருண்டைக் குன்று, மாவோ. வட ஷான்ஷியின் சுய்டே பக்கம் லியாங்கும் மாவோவும்தான் எங்கும்.

சரிவு வரைபடத்தை ஐந்து நிறத்தில் பிரித்து, "செங்குத்தான இடத்தில் அரிப்பு அதிகம்" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். மேலே உழுநிலமாக இருக்கும் மென்சரிவு ஒரு விளிம்போடு நிற்கும்; அதற்குக் கீழே பள்ளத்தின் பக்கச்சுவர் சட்டென்று இறங்கும். அந்த விளிம்புக் கோடுதான் ஆய்வின் உயிர். கோட்டுக்கு மேலே மழைநீர் மண்ணைப் படலமாகக் கழுவும், சிறு வாய்க்கால்களாக அரிக்கும். கீழே கதையே வேறு. லோயஸில் செங்குத்து வெடிப்புகள் உண்டு. காய்ந்திருக்கும்வரை மதில் போல நிற்கும். நீர் இறங்கினால் பிணைப்பு விட்டுப் பாளம் பாளமாகச் சரியும், உள்ளே சுரங்கம் போலக் குடையும். ஆக, கோட்டுக்கு மேலே வரும் 28 பாகையும் கீழே வரும் 28 பாகையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டும் வரைபடம் பாதி உண்மையை மறைத்துவிடும். ஹில்ஷேடையும் (மேடுபள்ளத்தை ஒளிநிழலாகக் காட்டும் படம்) செயற்கைக்கோள் படத்தையும் அடுக்கி வைத்து இந்தக் கோட்டைக் கையாலேயே வரையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நிலத்தைப் புரியவைப்பது அதுதான்.

பிறகு கோட்டின் இரு பக்கங்களுக்கும் தனித்தனியாக, 3 பாகை இடைவெளியில் எவ்வளவு பரப்பு விழுகிறது என்று கணக்கிடுங்கள். நான்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்தின் டாங் குவோஆன் குழுவினர் வளர்த்த 'சரிவு நிறமாலை' முறைக்கு அடிப்படை இந்தக் கணக்கே. மிகச் சிறிய பரப்பில் இந்தப் பங்கீட்டு வரைபடத்தின் வடிவம் நிலைக்காது. பரப்பைக் கூட்டிக்கொண்டே போய், வடிவம் மாறாமல் நிற்கும் அளவைக் கண்டுபிடித்த பிறகே இரண்டு ஊர்களை ஒப்பிட வேண்டும்.

தரவு விஷயத்தில் கறாராக இருங்கள். 30 மீட்டர் கட்டங்களில் வரும் எஸ்.ஆர்.டி.எம். (விண்கல ரேடார் எடுத்த உயரத் தரவு) குறுகலான பள்ளங்களை மழுக்கி, சரிவைக் குறைத்தே காட்டும். ஆலோஸ் பால்சார் என்ற ஜப்பானிய செயற்கைக்கோள் ரேடார் படங்களோடு வரும் 12.5 மீட்டர் உயரத் தரவை நுணுக்கமானது என்று எண்ணிவிடாதீர்கள். இப்பகுதியில் அது எஸ்.ஆர்.டி.எம்.மையே சிறு கட்டங்களாக மறுமாதிரி எடுத்ததுதான். அட்சரேகை, தீர்க்கரேகையில் உள்ள கோப்பில் அப்படியே சரிவு கணக்கிட்டால் எங்கு பார்த்தாலும் 90 பாகையை ஒட்டி வரும். முதலில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் வரைபட முறைக்கு மாற்றுங்கள்: சுய்டேக்கு மண்டலம் 49 வடக்கு, டோங்ஷியுவானுக்கு 48 வடக்கு.

அரிப்பின் அளவைக் கணக்கிட எல்லோரும் ரஸ்ல் (RUSLE) என்ற மண்ணிழப்புச் சமன்பாட்டை எடுப்பார்கள். அதிலுள்ள சரிவுக் காரணியை அப்படியே போடாதீர்கள். லியு பாவ்யுவான் குழுவினர் 1994இல் லோயஸ் பகுதிச் சோதனைப் பாத்திகளின் தரவிலிருந்து செங்குத்துச் சரிவுக்கென ஒரு வாய்பாடு தந்தார்கள்: சரிவுக் கோணத்தின் சைன் மதிப்பை 21.91ஆல் பெருக்கி, 0.96 கழிக்க வேண்டும். 25 பாகைக்கு இது 8.3 தரும், ரஸ்லின் வழக்கமான வாய்பாடு 6.6தான் தரும். நான்கில் ஒரு பங்கு வித்தியாசம். ஆனால் அந்த வாய்பாடும் 55 சதவீதச் சரிவு, அதாவது ஏறக்குறைய 29 பாகை வரைக்கும்தான் சோதிக்கப்பட்டது. பள்ளச் சுவருக்கு அதைப் பொருத்த முடியாது. சுவர் சரிவதை ரஸ்ல் கணக்கிடவும் செய்யாது. விளிம்புக் கோட்டை வலியுறுத்த இது இரண்டாவது காரணம்.

வரைபடத்தில் இன்னொன்றையும் தேடுங்கள். பள்ளத்தின் அடியில் திடீரென்று 3 பாகைக்கும் குறைவான தட்டைத் திட்டு தெரிந்தால் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அது தடுப்பணைக்குப் பின்னால் நிரம்பிய வண்டலாக இருக்கும். அதில் மக்காச்சோளம் பயிரிட்டிருப்பார்கள். மேலிருந்து போன மண்ணில் ஒரு பகுதி அங்கே தங்கிவிட்டது. ரஸ்ல் தரும் எண்ணை ஆறு சுமக்கும் வண்டலாக எழுதக்கூடாது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று கிடைக்காது.

வைவாவில் 25 பாகை ஏன் முக்கியம் என்று கேட்பார்கள். சீனாவின் 1991ஆம் ஆண்டு மண், நீர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மேற்பட்ட சரிவில் புதிதாகப் பயிரிடத் தடை விதித்தது. 1999இல் தொடங்கிய திட்டம் செங்குத்து வயல்களைக் காடாகவும் புல்வெளியாகவும் மாற்றியது. அடுத்த கேள்வி, ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன்னாக இருந்த மஞ்சள் ஆற்றின் வண்டல் ஏன் இவ்வளவு குறைந்தது என்பதாக இருக்கும். மரம் நட்டதால் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். படிக்கட்டு வயல்கள், தடுப்பணைகள், நீர்த்தேக்கங்கள் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். படிக்கட்டு வயல் 30 மீட்டர் தரவில் தெரியாது என்பதால் அதை ரஸ்லின் ஆதரவு நடைமுறைக் காரணியில் (மண்ணைக் காக்கும் ஏற்பாடுகளுக்கான எண்) தனியாகச் சேர்த்தீர்களா என்பதையும் கேட்பார்கள். அந்தக் காரணிக்கு நீங்கள் எடுத்த மதிப்புகளின் அட்டவணையைக் கையோடு வைத்திருங்கள்.