சைனாடவுனில் மதியச் சாப்பாடு: ஒரு மாடி ஏறினால் போதும்

சிங்கப்பூர் சைனாடவுன் ரயில் நிலையத்தின் ஏ வாயிலில் மேலேறி வந்தால் பகோடா ஸ்திரீட். பெயரைப் பார்த்துப் பக்கோடாவை எதிர்பார்க்க வேண்டாம். காந்தம் ஒட்டிய பொம்மை, பட்டு விசிறி, சிங்கத்தலை மீன் பதித்த டி-ஷர்ட் இவைதான் கிடைக்கும். தெருவின் மறுகோடியில் 1827இல் எழுந்த மாரியம்மன் கோயில். கோயிலுக்குப் போய்விட்டுப் பசியோடு வெளியே வருபவர்களில் பாதிப் பேர் கண்ணில் பட்ட உணவகத்தின் குடை நிழலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பில் வந்த பிறகுதான் ‘சிங்கப்பூரில் சாப்பாடு விலை அதிகம்’ என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

அங்கே மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம், இன்னொன்று 9 சதவீதப் பொருள் சேவை வரி. வரி, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குத்தான் போடப்படும். அதனால் 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலரைத் தமிழில் அங்கே இப்படித்தான் சொல்வார்கள்) என்று எழுதிய தட்டு பில்லில் ஏறக்குறைய 18 வெள்ளி. கேட்காமலே மேசைக்கு வரும் வேர்க்கடலைக்கும் ஈரத் துடைதாளுக்கும் சில இடங்களில் தனிக்காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மீன், நண்டுக்கு மொத்த விலை எழுதாமல் ‘100 கிராமுக்கு’ என்றோ ‘அன்றைய விலை’ என்றோ போட்டிருந்தால், எடை போட்டு மொத்தம் எவ்வளவு என்று கேட்ட பிறகே சரி சொல்லுங்கள். தகராறெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் முளைக்கிறது.

உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடம் தூரத்தில் இல்லை. பகோடா ஸ்திரீட்டில் நடந்து, வலப்பக்கம் திரெங்கானு ஸ்திரீட்டில் திரும்பி, டெம்பிள் ஸ்திரீட்டைத் தாண்டினால் ஸ்மித் ஸ்திரீட் மூலையில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். கீழே மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை, துணிமணிக் கடைகள். மேலே இருநூறுக்கும் அதிகமான கடைகளோடு சிங்கப்பூரின் மிகப் பெரிய உணவங்காடி நிலையம். தரையில் நின்று பார்த்தால் அப்படியொன்று மேலே இருப்பதே தெரியாது, சுற்றுலாக் கூட்டம் தெருவோடு நின்றுவிடுவதற்கு அதுவே காரணம். கடை எண் 02 என்று தொடங்கினால் நம் ஊர்க் கணக்கில் முதல் மாடி. சிங்கப்பூரில் தரைத்தளமே ஒன்று. இது தெரியாமல் இரண்டு மாடி ஏறிவிட்டுத் தேடுகிறவர்கள் நிறைய.

தெருவோரத்தில் தள்ளுவண்டி போட்டு விற்றவர்களை 1971 முதல் 1986 வரை அரசு கட்டடங்களுக்குள் குடியேற்றியது. அப்படி உருவானவைதான் இந்த நிலையங்கள். 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இந்த உணவங்காடிக் கலாசாரம் ஏறியது. இங்கே பலகையில் எழுதிய விலைதான் கொடுக்கும் விலை, மேலே எதுவும் ஏறாது. பொட்டலம் கட்டினால் மட்டும் டப்பாவுக்கு 20, 30 காசு கேட்பார்கள்.

நேரம் முக்கியம். 12 மணி அடித்தால் சுற்றுவட்டார அலுவலகங்கள் காலியாகும், 1.30 வரை மேசை கிடைப்பது பெரும்பாடு. 11.15க்கு வந்தால் எல்லாக் கடையிலும் எல்லாப் பண்டமும் இருக்கும். 2 மணிக்கு மேல் வந்தால் மேசை இருக்கும், நல்ல கடைகளில் சோறு இருக்காது. திங்கட்கிழமையைத் தவிருங்கள், கதவை இறக்கிவிட்டு ஓய்வெடுக்கும் கடைகள் அன்று அதிகம். துப்புரவுப் பணிக்காக நிலையம் முழுவதுமே சில நாள் மூடப்படுவதும் உண்டு. அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் தன் இணையத்தளத்தில் முன்கூட்டியே போடுகிறது.

வரிசை நீளமாக இருந்தால் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது பாதி உண்மை. வரிசையில் நிற்பவர்களின் கழுத்தைப் பாருங்கள். அலுவலக அடையாள அட்டை தொங்கினால் நிற்கலாம். எல்லார் கையிலும் கைப்பேசி, அதில் அந்தக் கடையின் படம் என்றால் அடுத்த கடைக்கு நகருங்கள். பக்கத்தில் மேக்ஸ்வெல் உணவங்காடியில் கோழிச்சோற்றுக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்கிறார்கள். நாலு கடை தள்ளி அதே சோறு ஐந்து நிமிடத்தில் கிடைக்கிறது. என் நாக்குக்கு அந்த நாற்பது நிமிட வித்தியாசம் தெரிந்ததே இல்லை.

குறைந்த செலவில் நிறைவாகச் சாப்பிட ‘சாய் பெங்’ கடைக்கு இணையில்லை. ஆங்கிலப் பலகையில் எக்கனாமிக் ரைஸ் என்றோ மிக்ஸ்ட் ரைஸ் என்றோ இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் பதினைந்து, இருபது தட்டுகளில் பொரியலும் குழம்பும் அடுக்கியிருப்பார்கள். முதலில் சோறு, பிறகு விரலால் சுட்டிக்காட்டுவதுதான் முறை. பெயர் தெரிய வேண்டியதில்லை. ஓர் இறைச்சி, இரண்டு காய் என்பது வழக்கமான சேர்க்கை. நாலு முதல் ஆறு வெள்ளிக்குள் முடியும். கடைக்காரம்மா தட்டைக் கண்ணால் ஒரு தடவை அளந்து விலை சொல்லிவிடுவார். எந்தக் கணக்கு என்று வெளியே எழுதியிருக்காது, ஆனால் கணக்கு உண்டு: காய், தோஃபு, முட்டை கீழ்ப்படி. கோழி, பன்றி அடுத்த படி. மீன் துண்டு அதற்கும் மேல். முழு மீனும் இறாலும் தனி. எண்ணம் இல்லாமல் ஓர் இறாலைச் சுட்டினால் தட்டின் விலையே மாறிவிடும். மேலே கறிக்குழம்பு ஊற்றச் சொன்னால் பெரும்பாலும் காசில்லை. அதில் தேங்காய்ப்பால் இருக்கும், நம் கைப்பக்குவத்தை விட இனிப்பாக இருக்கும்.

சைவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘வெறும் காய்தானே’ என்று கீரையைச் சுட்டாதீர்கள். காங்கோங் கீரையில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். முட்டைக்கோஸில் உலர்ந்த இறால், புரோக்கோலியில் சிப்பிச் சாறு. கோழிச்சோற்றில் கோழியை எடுத்துவிட்டாலும் பயனில்லை, அரிசியை வேகவைப்பதே கோழி கொதித்த நீரில்தான், தாளிப்பது கோழிக் கொழுப்பில். தோஃபுவும் காயும் வேகவைத்துத் தரும் யோங் தாவ் ஃபூ கடையில் கிண்ணமும் இடுக்கியும் கொடுத்து நம்மையே பொறுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். கத்திரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய் என்று பார்க்கக் காயாகத்தான் தெரியும். கீறிய இடத்தில் வெள்ளையாகத் திணித்திருப்பது மீன் விழுது.

சைவக் கடை தனியாகவே உண்டு. பலகையில் வெஜிடேரியன் என்ற சொல்லோடு, பல கடைகளில் புத்த சமயத்தின் ஸ்வஸ்திகா குறியும் இருக்கும். வெங்காயம், பூண்டு சேர்க்காமல் சமைப்பது அவர்கள் மரபு. முட்டை சில கடைகளில் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கேட்க வேண்டியது பீ ஹூன்: மெல்லிய அரிசிச் சேமியாவை முட்டைக்கோஸோடு வதக்கி, மேலே மொறுமொறுப்பான சோயாப்பால் ஏடு, கோதுமைப் புரதத்தில் செய்த போலி இறைச்சி இரண்டு துண்டு. இது காலைப் பலகாரம். அதனால் 12 மணிக்குப் பிறகு கிடைத்தால் அதிர்ஷ்டம். பக்கத்தில் வைக்கும் சிவப்புச் சம்பலை (மிளகாய் விழுது) முதலில் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். நமக்குக் காரம் புதிதல்ல, அதன் இனிப்பும் புளிப்பும்தான் புதிது.

மேசையில் ஆளில்லை, ஒரு துடைதாள் பொட்டலம் மட்டும் கிடக்கிறது என்றால் அது குப்பை அல்ல. ‘சோப்’ செய்திருக்கிறார்கள், நம் பேருந்தில் துண்டு போடுகிற மாதிரி. எடுத்து எறிந்துவிட்டு உட்கார்ந்தால் முறைப்பார்கள். நீங்களும் ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டுவிட்டு வரிசைக்குப் போகலாம். கடவுச்சீட்டு இருக்கும் பையை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

காசு தாளாக வைத்திருங்கள்: 2, 5, 10 வெள்ளி. கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் படம் பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்குக்கு. வெளிநாட்டு அட்டையை வாங்காத கடைகள் இன்னும் நிறைய. 50 வெள்ளித் தாளை நீட்டினால் 12.30 மணி நெரிசலில் சில்லறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

குடிக்க ‘தே’ என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் போட்ட இனிப்புத் தேநீர் வரும். பால் வேண்டாம் என்றால் ‘தே ஓ’. சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘தே ஓ கோசோங்’. இனிப்பைக் குறைக்க ‘சியூ டாய்’, ஐஸ் போட ‘பெங்’. கோப்பிக்கும் இதே இலக்கணம்தான். குளிர்பானக் கடைக்காரர் மேசைக்கே வந்து கேட்பார், காசை அப்போதே கொடுத்துவிட வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்துக்கும் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தும், ஆனால் அங்கே மாடி ஏறாதீர்கள். உணவங்காடி தரைத்தளத்திலேயே ஈரச்சந்தையை ஒட்டி இருக்கிறது, மேலே துணிக்கடைகள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமேதான் எடுத்துப் போய் அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது சட்டம். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம், அதாவது அறுபது தட்டு சாய் பெங். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, மற்றதற்குத் தனி. மேலே எழுதியிருக்கும், மாற்றி வைத்துவிடாதீர்கள்.