டெண்டரில் போன ஏ.எல்.டி. வேலையும் ஹலோ வொர்க் அலைச்சலும்

ஜப்பானில் ஏ.எல்.டி., அதாவது பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியர் வேலைக்கு என்னை வைத்திருந்த கம்பெனியிடமிருந்து மார்ச் மாதம் பாதி ஓடிய பிறகுதான் மின்னஞ்சல் வந்தது. அடுத்த கல்வியாண்டுக்கான டெண்டர் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டதாம். 31-ஆம் தேதியோடு எனக்கு வேலை இல்லை. டோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவில் நான் பாடம் எடுத்த பள்ளிகளால் இதில் எதுவும் செய்ய முடியவில்லை. ஜெட் என்ற அரசுத் திட்டத்தில் வருகிறவர்களை உள்ளாட்சி அமைப்பே வேலைக்கு வைத்துக்கொள்கிறது. எங்களைப் போன்ற ஏ.எல்.டி.க்கள் கம்பெனியின் ஆட்கள். கல்வி வாரியம் ஒப்பந்தம் போடுவது கம்பெனியோடு, அதுவும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு. துணைத் தலைமையாசிரியர் உண்மையிலேயே வருத்தப்பட்டார், ஆனால் என் பெயரில் ஒரு கடிதம் கொடுக்கக்கூட அவருக்கு உரிமை இல்லை.

வேலை போனதைவிட அந்த மின்னஞ்சலோடு வந்த படிவம்தான் இன்னும் உறுத்துகிறது. ஜப்பானிய மொழியில் ஒரே ஒரு பக்கம். வழக்கமான நடைமுறைதான், கையெழுத்துப் போட்டு இந்த வாரத்துக்குள் அனுப்பவும் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கும் தெரிந்த அக்கா ஒருவருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் செய்தார்.

"தம்பி, இது ராஜினாமா கடிதம்ப்பா. சொந்தக் காரணத்துக்காக விலகுறேன்னு எழுதியிருக்கு. இதுல மட்டும் கையெழுத்துப் போட்டுடாத."

போடவில்லை. இந்த நிலையில் இருக்கும் யாரும் போடாதீர்கள். சொந்தக் காரணத்துக்காக விலகியதாகப் பதிவானால், வேலையின்மைக் காப்பீட்டில் எல்லோருக்கும் உள்ள 7 நாள் காத்திருப்பு போக, இன்னும் ஒரு மாதம் பணம் வராது. 2025 ஏப்ரலுக்கு முன்பு இது 2 மாதம். அதோடு கடந்த 2 ஆண்டுகளில் 12 மாதமாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து, நாம் கேட்டும் கம்பெனி புதுப்பிக்கவில்லை என்றால் கதையே வேறு. அந்தக் கூடுதல் காத்திருப்பு கிடையாது, கடந்த ஓராண்டில் 6 மாதம் காப்பீடு இருந்தால் போதும். வந்த முதல் வருடத்திலேயே வேலை போனவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

இதில் "நாம் கேட்டும்" என்பதுதான் முக்கியம். கேட்டதற்கு ஆதாரம் வேண்டும். தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பினேன். பக்கத்து மாகாணமான குன்மாவில் ஒரு பள்ளி இருக்கிறது, வேண்டுமானால் போகலாம் என்று பதில் வந்தது. ரயில், அப்புறம் பஸ், போக வர 4 மணி நேரத்துக்கு மேல். வீடு மாற்றும் செலவைத் தர மாட்டார்களாம். தினமும் போய்வர முடியாது, பக்கத்தில் வேறு இடம் இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை.

அடுத்தது ரிஷொகுஹியோ. இந்த விலகல் சான்று இல்லாமல் ஹலோ வொர்க்கில், அதாவது காப்பீட்டுப் பணத்துக்கும் பதிய வேண்டிய அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில், எதுவும் ஒழுங்காக நகராது. வேலை முடிந்து சுமார் 10 நாளுக்குள் கம்பெனி தன் பக்கத்துக் காகிதங்களை ஹலோ வொர்க்கில் கொடுத்தாக வேண்டும். ஏப்ரல் மூன்றாவது வாரம் வந்தும் என் கைக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஹலோ வொர்க்கிலேயே போய்ச் சொன்னேன். அவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டதும் சில நாளில் தபால் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால், காரணம் என்ற கட்டத்தில் "சொந்தக் காரணம்" என்றே டிக் அடித்திருந்தார்கள்.

கவுண்டரில் இருந்தவர் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கம்பெனி இப்படித்தான் எழுதியிருக்கிறது என்று அடுத்த படிவத்தை எடுக்கப் போனார். அந்தச் சான்றின் இரண்டாவது தாளில், விலகியவர் தன் காரணத்தைக் குறிக்க ஓர் இடமும், கம்பெனி சொன்னதற்கு ஆட்சேபம் உண்டா இல்லையா என்று ஒரு வட்டமும் இருக்கிறது. அக்கா முன்பே சொல்லி வைத்திருந்தார். "உண்டு" என்பதில் வட்டம் போட்டு நீட்டினேன். அவர் முகம் சுளித்தார். மொழிபெயர்ப்பாளர் இன்று இல்லை, வேறு நாள் வாருங்கள் என்றார். அந்தப் பயணம் வீண்.

மறுபடி போனபோது இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். ஒப்பந்தத்தில் "புதுப்பிக்கப்படலாம்" என்றிருந்த பக்கம், நான் புதுப்பிக்கக் கேட்ட மின்னஞ்சல், குன்மா பதில், ரயில் நேரம் காட்டும் பக்கத்தின் பிரிண்ட், கையெழுத்துப் போடாத அந்த ராஜினாமா படிவம் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தேன். போய்வர ஏறக்குறைய 4 மணி நேரம் அல்லது அதற்கு மேல் ஆனால், தினமும் போய்வரக் கடினமான தூரம் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பிரிண்டைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். காரணத்தை முடிவு செய்வது ஹலோ வொர்க்தான், கம்பெனி அல்ல, விசாரித்துச் சொல்கிறோம் என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

முடிவு என் பக்கம் வந்தது. பணமும் வர ஆரம்பித்தது, தொகைதான் நினைத்ததைவிடக் குறைவு. கடைசி 6 மாதச் சம்பளத்தை வைத்துத்தான் தினத்தொகை கணக்கிடுகிறார்கள். பள்ளி விடுமுறை என்று டிசம்பரிலும் மார்ச்சிலும் கம்பெனி சம்பளத்தை வெட்டியது இங்கேயும் வந்து அடிக்கிறது. ஏனென்றால் ஒரு மாதத்தில் 11 நாளுக்குச் சம்பளம் இருந்தாலே அது முழு மாதமாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

விசா பற்றி இரண்டு வார்த்தை. வேலை முடிந்த 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், ஆன்லைனிலேயே முடியும். 3 மாதம் வேலை இல்லாவிட்டால் விசா போய்விடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். தகுந்த காரணம் இல்லாமல் சும்மா இருப்பவர்களுக்குத்தான் அந்த விதி. வேலை தேடுகிறோம் என்பதற்கு ஹலோ வொர்க் பதிவே நல்ல சாட்சி. ஆனால் பள்ளிகளில் பாடம் எடுப்பதற்கான இன்ஸ்ட்ரக்டர் விசாவை வைத்துக்கொண்டு அனுமதி வாங்காமல் தனியார் ஆங்கில வகுப்புகளில் பகுதிநேரமாகக்கூடச் சேராதீர்கள். காப்பீட்டுப் பணம் வாங்கும்போது ஒரு மணி நேரம் வேலை செய்தாலும் ஹலோ வொர்க்கில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்போது ஏ.எல்.டி.யை நேரடியாக நியமிக்கும் கல்வி வாரியங்களுக்கு மட்டும் விண்ணப்பம் போடுகிறேன். போன வாரம் ஓர் இடத்தில் நேர்காணல் நடந்தது. பள்ளி விடுமுறையான ஆகஸ்டிலும் சம்பளம் முழுசா என்று நானே முதலில் கேட்டேன். முழுசு என்றார்கள். அதை எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன்.